எக்ஸ்ட்ரா டிஸ்க்

அவர் கை உள்ளே போகவில்லை, அதனால் வேலை என் தலையில் விழுந்தது. மின்வாரியத்தில் கம்பம் ஏறியே காய்த்துப்போன கை. அதை இந்தச் சிபியு டப்பாவுக்குள் விட்டுப் பார்த்தார், மணிக்கட்டுவரை போய் மாட்டிக்கொண்டது, வெடுக்கென்று இழுத்ததில் தகரத்தின் ஓரம் கீறிவிட்டது, "நீ பாரு தமயந்தி, உன் கைதான் தோது" என்று எழுந்து ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். சட்டையில் துடைக்காதீங்க என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். வாய் திறக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. தமயந்தியாம். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் இந்தா, எனக்கு அவர் ஏங்க. இந்தா, காப்பி ஆச்சா. இந்தா, என் கண்ணாடிய எங்க வச்ச. கொடுப்பதற்கும் இந்தா, கூப்பிடுவதற்கும் இந்தா, கோபம் வந்தால் அதே இந்தா கொஞ்சம் நீளும், அவ்வளவுதான் வித்தியாசம். மதுரையில் குரல்வளையை எடுத்துவிட்டு என்னை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது நர்ஸ் தமயந்தி, தமயந்தி, கண்ணத் திறங்க என்று கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற இந்த மனுஷன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார், இன்றுவரை விடவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்க வருகிறவர்கள் பேசுகிற மாதிரியே வீட்டிலும் பேசுகிறார். சாப்பிட்டியா தமயந்தி, படுக்கிறியா தமயந்தி. ரசத்தில் உப்பே இல்லாமல் ஒரு நாள் வேண்டுமென்றே வைத்துப் பார்த்தேன். நல்லாருக்கு என்று குடித்துவிட்டுப் போனார். முன்பென்றால் தட்டு நகர்ந்திருக்கும், இந்தா நீளமாக வந்திருக்கும், நானும் ஒரு மூச்சு பேசித் தீர்த்திருப்பேன். ஒருத்தி ஊமையாகிவிட்டால் சண்டை போடுவது பாவம் என்று யாரோ இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் பங்குக்கு ஏங்க போய் இப்போது இரண்டு கைத்தட்டு. அதுவும் இவர் தங்கைக்குப் பொறுக்கவில்லை, புருஷனைக் கைதட்டிக் கூப்பிடுற பொம்பளைய இப்பத்தான் பாக்கேன் என்றாள். அவளை விடு. எதிர்வீட்டு சரோஜினி அவள் புருஷனை ஏங்க என்று கூப்பிடும்போது இவர் தலை பேப்பரிலிருந்து நிமிர்கிறது, அதைத்தான் தாங்க முடியவில்லை. விருதுநகரில் தெருவுக்குத் தெரு பெண்கள் ஏங்க என்கிறார்கள். முன்பெல்லாம் இவர் என்னுடையதற்கு மட்டும்தான் திரும்புவார்.

போர்வையை நான்காக மடித்துக் கூடத்தில் விரித்து, டப்பாவை அதன்மேல் பக்கவாட்டில் படுக்கவைத்திருக்கிறார். பிளக்கைப் பிடுங்கிவிட்டார், அது தரையில் கிடக்கிறது, இருந்தாலும் டெஸ்டரால் தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என்னை உட்காரவிட்டார். ஈ.பி. ரத்தினவேலு என்றால் சும்மாவா. ஆனால் கடையில் போய் ஒரு டிஸ்க் வாங்கத் தெரியவில்லை. பூனாவிலிருந்து எங்கள் மகள் சங்கமித்ரா போனில் படித்துப் படித்துச் சொன்னாள், அப்பா, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், வெளிய ஒயர் போட்டு மாட்டுறது. இவர் கடையில் போய் எக்ஸ்ட்ரா ஹார்ட் டிஸ்க் என்று கேட்டிருக்கிறார். கூடுதலாக ஒன்று என்றுதானே அவன் நினைப்பான், உள்ளே மாட்டுகிற கனத்த டிஸ்க்கை எடுத்துக் கொடுத்துவிட்டான். உறையைப் பிரித்தால் திருப்பி வாங்க மாட்டார்களாம், இவர் கடை வாசலிலேயே பிரித்துவிட்டார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்றாள் மித்ரா. போன வாரம் போனாரே, அங்கே ஒருவன் டப்பாவில் காதை வைத்துப் பழைய டிஸ்க்கைக் கேட்டுவிட்டு, இது போயிரும் சார், எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் அடிச்சுப் பாப்போமா என்று கேட்டானாம். இவர் டப்பாவைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய டிஸ்க் டிக் டிக் என்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும்போது தொண்டையில் முள் மாட்டியது போல ஒரு டிக், ஒரு நிறுத்தம், மறுபடி ஓட்டம். அதற்குள் என் குரல் இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை. ஊரடங்கு நேரத்தில் டியூஷன் பிள்ளைகளுக்காக நான் பதிவு செய்த பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்கள், முக்கோணவியல், நாற்கரம், நிகழ்தகவு. அந்தப் பிள்ளைகள் பாஸ் ஆன கையோடு போனிலிருந்து அழித்திருப்பார்கள், என் பழைய போனும் குளியலறை வாளியில் விழுந்து போயிற்று. மிச்சம் இதுதான். இந்தக் கூடத்தில்தான், இதே மேசையில் மைக்கை வைத்துப் பேசினேன். மைக்கில் காற்று இரைந்துவிடும், அதனால் ஃபேன் ஓடக்கூடாது, இவருக்கோ ஃபேன் இல்லாமல் நிற்க முடியாது. அந்த வெயில் காலம் முழுக்க எங்களுக்குள் நடந்த சண்டை எல்லாம் ஃபேனுக்காகத்தான். இப்போது தலைக்குமேல் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

திருகு வரவில்லை. பக்கத் தகடு கழன்றுவிட்டது, உள்ளே பழைய டிஸ்க்கைப் பிடித்திருக்கிற கூட்டுக்குப் போக மறுபக்கத் தகட்டையும் கழற்ற வேண்டும், அதில் கீழ்த்திருகு இருக்கிற இடமே தெரியவில்லை. சந்தனம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து, மேலே மேலே அப்பி, காய்ந்து, சுண்ணாம்புக் காரையாகிவிட்டது. இவர் வேலைதான். வீட்டில் மிக்ஸிக்கு ஒரு பொட்டு, சைக்கிளுக்கு ஒரு பொட்டு, மீட்டர் பெட்டிக்கு மூன்று, இதற்குச் சரியாகத் திருகின் தலையில். அவருக்கு அது நெற்றி மாதிரி தெரிந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் பிடிமானமில்லாமல் வழுக்குகிறது. வளையலில் கோத்திருந்த ஊக்கை எடுத்து நிமிண்டினேன், மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. வாசனை வந்திருக்கும். எனக்கு வாசனையும் சரியாகத் தெரிவதில்லை, மூக்கு வழியாக மூச்சு போவதில்லையே. கழுத்தில் இருக்கிற துவாரம்தான் இப்போது எனக்கு மூக்கு, அதன்மேல் ஈரத்துணி கட்டியிருக்கிறேன், தூசி போய்விட்டால் இருமி இருமி உயிர் போய்விடும். பொடியை ஊதிவிடலாம் என்று குனிந்து உதட்டைக் குவித்தேன். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும், வாய்க்கும் நெஞ்சுக்கும் இருந்த வழியையே அடைத்துவிட்டார்கள். குவித்த உதட்டோடு அப்படியே இருந்தேன். கழுத்துத் துணி மட்டும் ஒருமுறை உப்பி அடங்கியது. சூடான பாலை ஊத முடியாது, விளக்கை ஊதி அணைக்க முடியாது, இதெல்லாம் ஒவ்வொன்றாகத்தான் தெரியவருகிறது, யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. "நகரு, நான் ஊதுறேன்" என்றார். "நீ அங்கிட்டுப் போய் நின்னுக்க தமயந்தி, தூசி." அடுப்படி வாசலில் போய் நின்றேன். அவர் முட்டிபோட்டுக் கன்னம் உப்ப ஊதினார், திருகில், டப்பா விசிறியில், தகட்டின் இடுக்கில் எல்லாம் ஊதினார், புழுதி எழும்பி வெயிலில் நின்றது. ஃபேன் அதை அப்படியே அவர் முகத்துக்குத் திருப்பியது. தும்மினார். சிரிப்பு வந்தது எனக்கு. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்குகிறது, பார்க்கிறவர்களுக்கு அழுவது மாதிரி இருக்கும். அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். இல்லை, சிரிக்கிறேன் என்று கையை ஆட்டினேன். சந்தேகமாகவே தலையை ஆட்டிக்கொண்டார்.

சரி, இப்போது கூடு தெரிகிறது. அலமாரித் தட்டு மாதிரி இரண்டு அறைகள், கீழ் அறையில் பழைய டிஸ்க், மேல் அறை காலி என்று மித்ரா சொன்னாள். காலியாவது. கறுப்பு, மஞ்சள், சிவப்பு ஒயர்களை எல்லாம் சுருட்டி அதற்குள் திணித்து வைத்திருக்கிறான் இதைப் பூட்டியவன். அவனைச் சொல்லி என்ன, நாங்களும் பரணில் இப்படித்தான் திணித்து வைத்திருக்கிறோம். விரலை விட்டு ஒயர்க் கட்டை வெளியே இழுத்தேன், கொஞ்சம் வந்தது, பிறகு எங்கேயோ சிக்கியது. புது டிஸ்க்கை நுழைத்துப் பார்த்தேன், பாதிக்குமேல் போகவில்லை, முன்னால் சீடி போடுகிற பெட்டியின் பின்பக்கம் இடிக்கிறது. சாய்த்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். நேராகப் போகாது, கீழ் அறை வழியாக ஏற்றினால் போகும், கணக்கு டீச்சருக்கு அதுகூடத் தெரியாதா. ஆனால் அதற்குப் பழைய டிஸ்க்கை முதலில் வெளியே எடுக்க வேண்டும். மூலைக்கு மூலை திருகைக் கழற்றினேன். ஒயரைப் பிடுங்கினேன், அது உடனே வந்துவிட்டது, இவ்வளவு சுலபமாக வந்திருக்கக் கூடாது. டிஸ்க் கையில் வந்தது. ஒரு சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, கனம் மட்டும் படிக்கல் மாதிரி. பேசாமல் இருக்கும்போது டிக் டிக் இல்லை. நானும்தான். இதைக் கீழே விட்டால் போதும். மொசைக் தரை. கை வழுக்கிவிட்டது என்று சைகை காட்டினால் நம்பாமல் என்ன செய்வார், பரவாயில்ல தமயந்தி என்பார். ஏன் இப்படி நினைக்கிறேன். எனக்குப் பயம், அதுதான். உள்ளே நான் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன், முன்பைவிட அதிகமாக, கேட்க ஆளில்லாததால் யாரும் நிறுத்துவதுமில்லை. ஆனால் எந்தக் குரலில் பேசுகிறேன்? ஒரு நாள் அரிசி களையும்போது இந்தச் சந்தேகம் வந்தது. உற்றுக் கேட்கப் போனால் நழுவிவிடுகிறது. என் பழைய குரல்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இதற்குள் இருப்பது வேறு மாதிரி இருந்துவிட்டால்? இது என் குரல் இல்லை என்று தெரிந்துபோய், உள்ளே ஓடிக்கொண்டிருப்பதும் அன்றோடு நின்றுவிட்டால்? ஆபரேஷனுக்குக்கூட நான் இப்படிப் பயப்படவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இவருக்கு அந்தக் குரல் கிடைத்துவிட்டால் சாயங்காலமானால் போட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் அடுப்படியிலிருந்து கை தட்டுவேன். அவருக்குக் கேட்காது. என் குரலுக்கே நான் சக்களத்தி ஆவேன். டாக்டர் கொடுத்த அந்தக் கருவி பீரோவில் கிடக்கிறது, கழுத்தில் அமுக்கிக்கொண்டு பேசுவது, மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், அதில் ஒருமுறை ஏங்க என்று கூப்பிட்டேன். இவர் எழுந்து வந்தார். ஆனால் முகத்தைப் பார்த்தேன், அதன்பிறகு அதை எடுக்கவில்லை.

"மெதுவா" என்றார். அப்போதுதான் பார்த்தேன், என் கைக்குக் கீழே அவர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருக்கிறார், கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி, கீறிய விரலில் இன்னும் ரத்தம் கசிகிறது. போர்வை எதற்கு நான்காக மடித்தார் என்பதும் இப்போதுதான் புரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தாரோ, நான் என்ன யோசித்தேன் என்று தெரிந்ததோ இல்லையோ. அவர் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டு மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார். இனி வேலை ஓடியது. புதியதைக் கீழ் அறை வழியாகச் சாய்த்து ஏற்றி, மேல் அறையின் வரிப்பள்ளத்தில் தள்ளினேன், தகரத்தில் தகரம் கிறீச்சிட்டுப் போய் உட்கார்ந்தது. பிறகு பழையதை அவர் கையிலிருந்து வாங்கி அதன் இடத்தில் வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளிகூட இல்லை. "இந்தா" என்றார். என் தலை சடாரென்று நிமிர்ந்தது. உள்ளங்கையில் திருகை வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். கொடுக்கிற இந்தா. கூப்பிடுகிற இந்தா இல்லை. வாங்கிக்கொண்டேன், துவாரம் எங்கே என்று தெரியவில்லை, கண் கலங்கி மங்கலாகிவிட்டது, புழுதி என்று வைத்துக்கொள்ளலாம். நாக்கைக் கடித்துக்கொண்டு திருகினேன். புதியதற்கான தட்டையான சிவப்பு ஒயரின் ஒரு முனை போர்டில், மறுமுனை டிஸ்க்கில். மறுமுனை எல் போல வளைந்திருக்கிறது, வளைவு சீடிப் பெட்டியில் இடிக்கிறது. பழையதன் ஒயரோ நேர்முனை. இரண்டையும் மாற்றிப் போட்டேன், வளைந்தது கீழே, நேரானது மேலே. போயிற்று. ஒயர்க் கட்டு மட்டும் வெளியில் தொங்குகிறது, அதற்கு இனி வீடு இல்லை. தகட்டை மூட முடியாது. "தொறந்தே கெடக்கட்டும்" என்றார்.

மித்ராவை போனில் ஸ்பீக்கரில் போட்டார். பிளக்கைச் சொருகி, செருப்பைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார், ஆயிரம் கம்பம் ஏறினவர் மாதிரியா இருக்கிறது. விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. டிக். ஒரு நிறுத்தம். நான் மூச்சைப் பிடித்தேன், எனக்குக் கழுத்தில் கை வைத்தால் போதும், மூச்சு நிற்கும். ஓட்டம். திரை வந்தது. "அம்மா, புதுசுக்கு மட்டும் ஃபார்மேட் குடு. திரையில ரெண்டு டிஸ்க் காட்டும் பாரு, அதுல மேல இருக்கிறது பழசு, அதத் தொட்டுராத" என்றாள் மித்ரா. தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கு வழியில்லை, அவளாகவே சொன்னாள், "தொட்டா எல்லாம் போயிரும்மா." அழிக்கிற வழியை இன்னொரு தரம் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்களே. அம்புக்குறி மேலே ஒருமுறை போயிற்று. பக்கத்தில் அவர் திரையைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்துணி காய்ந்து கழுத்தில் உரசுகிறது. கீழே இருந்ததை அமுக்கினேன். பிறகு பாடங்கள் இருந்த ஃபோல்டரை இழுத்துப் புதியதில் போட்டேன், பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது, அது நகர்வதும் இது டிக் என்பதும், நிற்பதும், நகர்வதும். எதிர்வீட்டில் சரோஜினி ஏங்க என்றாள். இவர் திரும்பவில்லை, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு கடைசிக்கு வந்து மறைந்தது. "வந்துருச்சாம்மா? ஏதாவது ஒரு ஃபைலப் போட்டுப் பாருங்க, சரியா ஏறியிருக்கான்னு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாள். இவளுக்கு என்ன, ஒரு ஃபைல். அவர் என்னைப் பார்த்தார். "போடவா?" என்று கேட்டார், அனுமதி கேட்கிற மாதிரி. நான் தலையை ஆட்டவுமில்லை, வேண்டாம் என்று கையைக் காட்டவுமில்லை. நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் அந்தத் தடித்த விரலால் முதலில் இருந்ததை அமுக்கினார், முக்கோணவியல் ஒன்று.

ஒரு இரைச்சல், காற்று. நாற்காலி இழுபடுகிற சத்தம். ஒரு செருமல், அது நான், எனக்குச் செருமத் தெரிந்திருந்த காலம். பிறகு அது பேசியது. "ஏங்க. ஏங்க, அந்த ஃபேன நிறுத்துங்கன்னு எத்தன தரம் சொல்றது?" கொஞ்சம் கீச்சுக்குரல், மூக்கில் ஒரு இழுவை, வார்த்தைக்கு வார்த்தை அவசரம். நான் இப்படியா பேசினேன். உள்ளே நான் பேசுவது இதைவிடத் தணிந்தது, இவ்வளவு வேகமில்லை, இது வேறு ஆள். உள்ளே இருந்தது நின்றுவிட்டதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. இது வேறு ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்ததே அதுதான். திரும்பினால் பக்கத்தில் அவர் இல்லை. எழுந்து விறுவிறுவென்று போய், சுவிட்சைத் தட்டி, ஃபேனை நிறுத்திவிட்டார். இறக்கை சுற்றிச் சுற்றி மெல்ல நின்றது. சுவிட்சில் கை வைத்தபடியே சுவரைப் பார்த்து நின்றார், முதுகு மட்டும் தெரிந்தது. கம்ப்யூட்டருக்குள் அந்தப் பெண், பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லி, செங்கோண முக்கோணம் ஒன்று வரைந்துகொள்ளுங்கள் என்று தொடங்கிவிட்டாள். வெயில் நேரம், உடனே புழுங்கியது, கழுத்துத் துணிக்குள் வேர்வை இறங்கியது. என்னால் தாங்க முடியவில்லை. கையை இரண்டு தட்டு தட்டினேன். குரல் பாட்டுக்குக் கர்ணம் எது என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் திரும்பினார், கம்ப்யூட்டர் பக்கம் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்து, கண்ணில் நீரோடு எரிந்து விழுந்தார்.

"இந்தா, அதான் நிறுத்தியாச்சுல்ல. இன்னும் என்னத்துக்குக் கெடந்து தட்டுற?"